கரி படிந்த கைமரங்கள்: பேலீஃப் பண்ணைவீட்டின் வயதை மரம் எப்படிச் சொல்கிறது

இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில், சிங்கிள்டன் என்ற ஊரில் இருக்கும் வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்துக்குப் போய், பேலீஃப் பண்ணைவீட்டைப் பார்த்துவிட்டு வந்து கேட்டிருக்கிறீர்கள். வீட்டின் ஒரு பகுதி 1400-களின் தொடக்கத்தில் கட்டியது, ஒரு முனை மட்டும் ஏறக்குறைய நூறு வருடம் கழித்து வந்தது என்கிறார்களே, அது எப்படித் தெரியும்? பிற்காலத்தில் சேர்ந்த புகைபோக்கியையும் மாடித் தளத்தையும் திரும்பக் கட்டும்போது விட்டுவிட்டது சரிதானா?

முதல் கேள்விக்கு மரமே பதில் சொல்லும். இரண்டாவதற்கு என் கருத்தைத்தான் சொல்ல முடியும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். கெண்ட், சசெக்ஸ் பக்கத்துப் பழைய மரச்சட்ட வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கூரைக்குள் ஏறுவதுதான் என் பழக்கம். வீட்டின் வரலாறு அங்கேதான் குறைவாகக் கலைந்திருக்கும்.

சரி, முதலில் வீடு எப்படி அமைந்தது என்று பார்ப்போம். இது தெரியாமல் மாற்றங்களைப் படிக்க முடியாது.

பேலீஃப் இருந்த இடம் கெண்ட் மாவட்டத்தின் சிடிங்ஸ்டோன் பகுதி. அங்கே பௌ பீச் என்ற நீர்த்தேக்கம் கட்டியபோது வீடு மூழ்கவிருந்தது. அதனால் 1960-களின் கடைசியில் கழற்றி சிங்கிள்டனுக்குக் கொண்டுவந்தார்கள். இந்த வகை வீட்டுக்கு 'வீல்டன் வீடு' என்று பெயர். கெண்ட்டிலும் கிழக்கு சசெக்ஸிலும் நிறைய நிற்கின்றன. ஓரளவு வசதியான உழவர்களும் சிறு நிலவுடைமையாளர்களும் கட்டிக்கொண்டவை.

நடுவில் கூடம். அதற்கு மேல் மாடி கிடையாது, தரையிலிருந்து கூரை உச்சி வரை திறந்த வெளி. கூடத்தின் நடுத்தரையில் அடுப்பு எரியும். புகைபோக்கி இல்லை. புகை மேலே போய்க் கைமரங்களுக்கு இடையே சுழன்று, ஓட்டு இடுக்குகளிலும் கூரையின் இரு ஓரங்களில் உச்சியில் விட்டிருக்கும் சின்ன முக்கோணத் திறப்புகளிலும் வெளியேறும். கூடத்தின் இரு பக்கமும் மாடியோடு கூடிய இரண்டு முனைகள். ஒன்று மேல்முனை, வீட்டுக்காரரின் அறைகள் இருப்பது. மற்றது கீழ்முனை, உணவுப் பொருளும் பானமும் வைக்கும் இரண்டு சிறு அறைகள் இருப்பது. கீழ்முனைக்கும் கூடத்துக்கும் நடுவே வீட்டைக் குறுக்கே கடக்கும் ஒரு நடை, அதன் இரு கோடியிலும் வாசல். நம் ஊர்ப் பழைய வீட்டு ரேழியை நினைத்துக்கொண்டால் போதும். வாசல் காற்று கீழ்முனையில் வீசும். வீட்டுக்காரர் எதிர்க்கோடியில், மேல்முனைச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். கூடத்துக்குள் யார் எங்கே நிற்கலாம், எங்கே உட்காரலாம் என்பதை வீட்டின் சட்டமே முடிவு செய்துவிடும்.

வெளியிலிருந்து பார்த்தால் இரு முனைகளின் மாடியும் முன்பக்கம் துருத்தி நிற்கும், நடுக்கூடம் உள்வாங்கியிருக்கும். ஆனால் கூரை ஒரே நீளக் கூரை. துருத்திய இரு மாடிகளையும் இணைத்து, உள்வாங்கிய கூடத்துக்கு முன்னால் அந்தரத்தில் ஓடும் ஓர் உத்தரத்தின் மேல் அது உட்கார்ந்திருக்கும். அந்த உத்தரத்தைத் தாங்க வளைந்த முட்டுகள் இரண்டு இருக்கும். இந்த அமைப்பை ஒரு முறை பார்த்துவிட்டால், பிறகு எந்தத் தெருவில் எந்த வேடத்தில் நின்றாலும் வீல்டன் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

மரம் ஓக். உலர்த்தாத பச்சை ஓக். இதைச் சொன்னால் நம் ஊர்த் தச்சர்கள் முகம் சுளிப்பார்கள். காய்ந்த ஓக் உளிக்கு இளகாது, பச்சையாக இருக்கும்போதுதான் வாய்ச்சியும் உளியும் இறங்கும். வெட்டிய மரத்தைப் பெரும்பாலும் ஓரிரு வருடத்துக்குள்ளேயே சட்டமாக்கிவிடுவார்கள். அது வீட்டில் நின்றுகொண்டே காயும். காயும்போது நீளத்தில் அதிகம் சுருங்காது, குறுக்கில் சுருங்கும். ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய நாக்கு, அதாவது கழுந்து, இன்னொரு மரத்தின் துளைக்குள் போய் உட்காரும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது மர ஆணி. ஆணித் துளையைக் கழுந்தில் வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள். ஆணியை அடிக்கும்போது அது கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கும், மரம் காய்ந்த பிறகும் பிடி விடாது. இந்த வீடுகளின் கோணல் முதுமையால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி, முதல் சில வருடங்களில் மரம் காய்ந்தபோதே வந்தது.

இன்னொன்று. சட்டத்தை வீட்டு மனையில் நிமிர்த்திச் செய்வதில்லை. தச்சுக் களத்தில் தரையில் படுக்க வைத்து, ஒவ்வொரு சுவரையும் பொருத்திப் பார்த்து, எந்தக் கழுந்து எந்தத் துளைக்குச் சொந்தம் என்று இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறிவிட்டு, பிரித்து வண்டியில் ஏற்றுவார்கள். எண்கள் ரோமன் கோடுகள். நான்குக்கு நான்கு கோடு போடுவார்கள், கடிகாரத்தில் பார்க்கிற மாதிரி. ஐந்தில் ஒன்று குறைந்தால் நான்கு, ஐந்தோடு ஒன்று சேர்ந்தால் ஆறு என்ற ஏட்டு முறையில் எழுதினால், மரத்தைத் தலைகீழாகத் திருப்பும்போது குழப்பம் வரும். இந்த எண்கள் இன்றும் மரத்தில் தெளிவாக இருக்கின்றன. வரிசை எங்கே உடைகிறதோ அங்கே ஒரு மரம் போயிருக்கிறது, அல்லது வேறொரு தச்சர் வேறொரு காலத்தில் வந்து வேலை செய்திருக்கிறார். பேலீஃபைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனதை நினைத்து வருத்தப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அது முதலிலேயே கழற்றி ஏற்றிக்கொண்டு வரத் தோதாகச் செய்யப்பட்ட பொருள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பேலீஃபின் கூடமும் கீழ்முனையும் 1405-க்கும் 1430-க்கும் இடையில், மேல்முனை 1505-க்கும் 1510-க்கும் இடையில் என்று சொல்ல முடிவது மர வளையங்களால். ஓக் வருடம் ஒரு வளையம் போடும். நல்ல வருடத்தில் அகலமாக, மோசமான வருடத்தில் ஒடுங்கலாக. ஒரு வட்டாரத்து மரங்களில் இந்த அகல ஒடுங்கல் வரிசை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். உத்தரத்தில் பென்சில் பருமனுக்குத் துளைத்து எடுத்த துண்டை, ஏற்கெனவே வருடம் தெரிந்த வரிசைகளோடு ஒப்பிட்டால் எந்த வளையம் எந்த வருடம் என்று சொல்லிவிடலாம். பட்டை ஒட்டிய கடைசி வளையம் கிடைத்தால் மரத்தை வெட்டிய பருவம் வரைக்கும் தெரியும். தச்சர் அந்தப் பக்கத்தைச் செதுக்கித் தள்ளியிருந்தால் கடைசிச் சில வளையங்கள் போயிருக்கும். அப்போது வெளிப்புற வெளிர்மரத்தில் எத்தனை வளையம் இருந்திருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். இங்கிலாந்து ஓக்கில் அது பெரும்பாலும் 9 முதல் 41 வரை. '1405-க்கும் 1430-க்கும் இடையில்' என்று இடைவெளி விட்டுச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆனால் எல்லா வீட்டுக்கும் இந்த ஆய்வு செய்ய முடியாது. செலவு பிடிக்கும். வேகமாக வளர்ந்த மரமாக இருந்தால் ஒப்பிடப் போதுமான வளையங்களும் இருக்காது. எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் கண்ணையும் டார்ச்சையும்தான் நம்புகிறோம். நிறைய வீடுகளில் அதுவே போதும்.

முதல் சாட்சி கரி. சில வருடங்களுக்கு முன் கெண்ட்டில் ஒரு வீடு. வெளியே செங்கல் முகப்பு, ஒரே அளவில் வரிசையாகச் சாளரங்கள், 1780-வாக்கில் கட்டியது என்று சத்தியம் செய்யலாம். வீட்டுக்கார அம்மா, "பரணில் மரமெல்லாம் கருகிக் கிடக்கிறது, எப்போதோ தீப்பிடித்திருக்கிறது போல, கூரை தாங்குமா பாருங்கள்" என்று கூப்பிட்டிருந்தார். குனிந்து ஏறி டார்ச்சை அடித்தேன். ஓரத்தில் இருந்த கைமரங்கள் தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தன. நடு இரண்டு அங்கணத்தில், அதாவது சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், அத்தனையும் கருப்பு. தீப்பிடித்த மரம் முதலைத் தோல் மாதிரி வெடித்து, மூலைகள் தின்னப்பட்டு இருக்கும். இங்கே ஒவ்வொரு மூலையும் வாய்ச்சி செதுக்கிய கூர்மையோடு இருந்தது, அதன் மேல் தார் பூசினது போல மினுமினுப்பான கரி. விரலால் தேய்த்தால் கொஞ்சமாக ஒட்டியது.

இரண்டு அங்கணத்தின் கோடியில் கூரை உச்சி வரை ஏறிய ஒரு தடுப்பு, கம்பு பின்னி மண் பூசினது. கூடத்தைப் பார்த்த முகம் கன்னங்கரேல். சுற்றிப் போய் மறுமுகத்தைப் பார்த்தேன். வைக்கோல் நார் துருத்திக்கொண்டிருக்கும் மஞ்சள் மண், அதில் மண் பூசினவரின் நான்கு விரல் இழுத்த தடம். ஐந்நூறு வருடத்துக்கும் மேலாக யாரும் தொடாத தடம். அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "உங்கள் வீட்டில் தீப்பிடிக்கவில்லை, அடுப்பெரிந்தது" என்று சொன்னேன். அவர் அந்த விரல் தடத்தின் அருகே தன் விரல்களைத் தொடாமல் வைத்துப் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே பழைய கூடத்தின் வரைபடம். இன்று கீழே மூன்று படுக்கையறை இருக்கலாம், நடுவே செங்கல் புகைபோக்கி நிற்கலாம், கூரைக்குள் அந்தக் கருப்பு எல்லை அழிவதில்லை. பேலீஃபைப் போல இரு காலத்தில் எழுந்த வீடுகளில் கரி இன்னொரு வேலையும் செய்யும். ஒரு முனையின் மரம் சுத்தமாக இருந்து, அதை ஒட்டிய கூடத்தின் கடைசிச் சட்டம் இரு முகத்திலும் கருத்திருந்தால், அந்த முனை பிறகு வந்து ஒட்டியது என்று சந்தேகிக்கலாம்.

இரண்டாவது சாட்சி காலியான துளைகள். இங்கேதான் சுற்றுலா வழிகாட்டிகள் பெரும்பாலும் தவறாகச் சொல்கிறார்கள். ஓர் உத்தரத்தில் பயனில்லாத துளை ஒன்று தெரிந்தால் உடனே "இது பழைய கப்பலின் மரம்" என்பார்கள். கடலிலிருந்து எத்தனையோ மைல் தள்ளியிருக்கும் ஊரில்கூட இதையே கேட்டிருக்கிறேன். கப்பல் மரத்தின் வளைவும் ஆணியடியும் வேறு மாதிரி. கப்பலை உடைத்து, பாதையில்லாத சேற்றில் வண்டி கட்டி இழுத்து வருவதற்குப் பக்கத்துக் காட்டில் ஓக் வெட்டுவது மலிவு. பழைய மரத்தைத் திரும்பப் பயன்படுத்தியது உண்மை, ஆனால் அது பெரும்பாலும் இன்னொரு வீட்டின் மரம், களஞ்சியத்தின் மரம். அதற்கும் முன்னால் யோசிக்க வேண்டியது, அந்தத் துளை அங்கேயே ஒரு வேலை செய்துகொண்டிருந்திருக்கலாம் என்பது. கோணத்தில் சாய்ந்த துளை என்றால் வளைந்த முட்டு ஒன்று இருந்து போயிருக்கிறது. வரிசையாக நேர்துளைகள் என்றால் சுவரின் இடைக்கால்கள். ஒரு சுவரை முழுதாக எடுத்துவிட்டாலும் மேலே உள்ள உத்தரத்தின் அடிப்பக்கம் அந்தச் சுவரைப் பத்திரமாக எழுதி வைத்திருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சாளரத் துளைகள். அந்தக் காலத்துச் சாளரத்தில் கண்ணாடி கிடையாது. நெடுக மரக்கம்பிகள் மட்டும், அதுவும் மூலை வெளியே பார்க்கும்படி நிறுத்திய சதுரக் கம்பிகள். உள்ளே இழுத்து மூடும் பலகை. கம்பிகளைப் பிடுங்கிச் சுவர் வைத்து மூடினாலும் மேல் சட்டத்தின் அடியில் வைர வடிவத் துளைகள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் பலகை ஓடின பள்ளமும் இருக்கும். தடவிப் பார்த்தாலே தெரியும். ஒரு வீட்டில் இந்தத் துளை வரிசையின் நடுவே ஒரு மாடித் தளத்தின் உத்தரம் வந்து முட்டிக்கொண்டு நின்றது. உயரமான கூடச் சாளரம் ஒன்று இருந்தது, பிறகு கூடத்துக்குக் குறுக்கே தளம் போட்டார்கள், சாளரத்தை நடுவில் வெட்டிவிட்டார்கள் என்பது அந்த ஒரு முட்டலிலேயே விளங்கிவிட்டது.

தளம் போட்டது ஏன் என்ற கதைக்கு வந்துவிட்டோம். இந்த வீடுகளின் வாழ்க்கையில் மிகப் பெரிய திருப்பம் அதுதான். 16-ஆம் நூற்றாண்டில் செங்கல் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியது. கொஞ்சம் பணமும் சேர்ந்தது. எல்லோரும் ஒரே கூடத்தில் புகைக்குள் உட்காருவதைவிடத் தனித்தனி அறைகள் வேண்டும் என்ற விருப்பமும் வந்தது. எஸ்ஸெக்ஸில் ராட்வின்டர் என்ற ஊரின் பாதிரியார் வில்லியம் ஹாரிசன் 1577-இல் எழுதும்போது, தன் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் நினைவுக்குள் வியக்கும்படி மாறிப்போனவை என்று சொன்ன மூன்றில் முதலாவது, புதிதாக எழுந்த புகைபோக்கிகளின் எண்ணிக்கை என்று குறிப்பிடுகிறார். இளமையில் ஊருக்கு இரண்டு மூன்று புகைபோக்கி பார்த்தவர்கள் அவர்கள். வரலாற்றாசிரியர் ஹாஸ்கின்ஸ் 1953-இல் இந்த மாற்றத்துக்கு 'பெரும் மறுகட்டுமானம்' என்று பெயர் வைத்து, 1570 முதல் 1640 வரை என்று காலம் குறித்தார். வட்டாரத்துக்கு வட்டாரம் இது முன்பின்னாக நடந்தது என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். நான் பார்த்த வீடுகளும் அதைத்தான் சொல்கின்றன.

ஒரேயடியாகவும் மாறிவிடவில்லை. சிலர் கூடத்தின் பெரும்பகுதிக்குத் தளம் போட்டுவிட்டு, ஓர் ஒடுங்கிய அங்கணத்தை மட்டும் புகை போகத் திறந்து விட்டார்கள். சிலர் மரக்கம்பும் மண்ணும் கொண்டு புகைபோக்கி செய்தார்கள். அதற்கப்புறம்தான் செங்கல். செங்கல் புகைபோக்கியை எங்கே வைத்தார்கள் என்பதைப் பாருங்கள், அந்த வீட்டார் எப்படி யோசித்தார்கள் என்று தெரியும். பலர் பழைய குறுக்கு நடையில் வைத்தார்கள். வாசல் திறந்தால் நேராகப் புகைபோக்கியின் பக்கவாட்டுச் செங்கல், இடமும் வலமும் ஒவ்வோர் அறை. இரண்டு அறைக்கும் ஒரே புகைபோக்கியில் முதுகோடு முதுகாக இரண்டு அடுப்பு. கூடத்தின் மேல்முனை கீழ்முனை என்ற ஏற்றத்தாழ்வு அன்றோடு குலைந்தது. வாசலில் வருகிறவர் எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதை இனி வீட்டார் முடிவு செய்யலாம்.

பின்னால் செருகிய தளத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. நிற்கிற சட்டத்துக்குள் ஒரு பெரிய உத்தரத்தை இரு முனையிலும் கழுந்தோடு செருக முடியாது. சுவர்கள் விலகிக் கொடுக்காது. அதனால் ஒரு முனையைத் துளைக்குள் விட்டு, மறுமுனையைப் பக்கத்திலிருந்து வெட்டிய பள்ளத்தில் நகர்த்தி வைப்பார்கள், அல்லது சுவரில் அறைந்த ஒரு தாங்கு கட்டையின் மேல் உட்கார வைப்பார்கள். இன்னொரு அடையாளம் தளக்கட்டைகள், மாடித் தளத்தின் பலகைகளைத் தாங்கும் கட்டைகள். மத்தியகாலத் தச்சர் தளக்கட்டையை அகலவாட்டில் படுக்கப் போடுவார். பிற்காலத்தில் அதையே குத்தாக நிறுத்திப் போடக் கற்றார்கள், அது குறைந்த மரத்தில் கூடுதல் பாரம் தாங்கும். ஒரே வீட்டில் முனை அறைகளில் படுத்த கட்டையும் நடுக்கூடத்தில் குத்துக் கட்டையும் இருந்தால் கதை முடிந்தது, நடுத்தளம் பின்னால் வந்தது.

இதே அருங்காட்சியகத்தில் பென்டீன் என்ற பண்ணைவீடு இருக்கிறது, 1609-இல் கட்டியது. நீங்கள் அதையும் பார்த்திருந்தால் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தொடக்கத்திலிருந்தே நடுவே செங்கல் புகைபோக்கி, எல்லா அறைக்கும் மேல் மாடி. பேலீஃப் போன்ற பழைய வீடுகள் எதை நோக்கி இழுக்கப்பட்டன என்பது அந்த வீட்டில் தெரியும். பழையவற்றை இடிக்காமல் உள்ளுக்குள் மாற்றி, புதிய வீட்டு மாதிரிக்குக் கொண்டுவந்தார்கள்.

வெளிமுகத்தின் மாற்றங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவை பெரும்பாலும் நாகரிகம் சார்ந்தவை. துருத்திய மாடிக்குக் கீழே செங்கல் சுவர் எழுப்பி முகப்பை நேராக்கினார்கள். மரச்சட்டம் ஏழ்மையின் அடையாளமாகத் தோன்றிய 18-ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புச் சாந்து பூசி மூடினார்கள், ஓடு தொங்கவிட்டார்கள். சசெக்ஸின் லூயிஸ் போன்ற ஊர்களில் செங்கல் வரிசை போலவே தெரியும்படி ஒன்றின் மேல் ஒன்று பதியும் ஒருவகை ஓடு உண்டு, அருகே போய்த் தட்டினால்தான் செங்கல் இல்லை என்று தெரியும். அப்புறம் 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி மரம் தெரிய வேண்டும் என்ற ஆசை வந்தது. வெள்ளைச் சுவரில் கரிய மரம் என்று நாம் அஞ்சல் அட்டைகளில் பார்க்கும் தோற்றம் பெரும்பாலும் அந்தக் காலத்துத் தாரும் வண்ணமும். தென்கிழக்கில் ஓக்கைச் சும்மா விட்டுவிடுவார்கள், அது வெயில் மழையில் வெள்ளிச் சாம்பல் நிறமாகும். அல்லது மரம், மண் என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள்.

20-ஆம் நூற்றாண்டின் மாற்றங்களில் ஒன்றைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு: சிமென்ட் பூச்சு. ஒரு வீட்டில் மண்சுவர் விரிசல் விடுகிறது என்று சிமென்ட் பூசியிருந்தார்கள். இருபது வருடம்கூட ஆகவில்லை. அடிச்சட்டத்தில் ஒரு சின்னக் கத்தியை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. சுண்ணாம்பும் மண்ணும் ஈரத்தை வாங்கும், காற்றுப் பட்டதும் விட்டுவிடும். சிமென்ட் விடாது. மரம் அசையும்போது சிமென்டில் மயிரிழை விரிசல் விழும், அதில் மழைநீர் இறங்கும், இறங்கிய நீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தைத் தின்னும். பல நூற்றாண்டுப் புகையும் வண்டும் செய்யாததை ஒரு நல்லெண்ணப் பழுதுபார்ப்பு செய்துவிட்டது. அந்த அடிச்சட்டத்தில் கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, பச்சை ஓக்கில் பொருத்துப் போட்டு ஒட்டினோம். நல்ல மரம் ஒரு சாண் மிஞ்சினாலும் அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வில்லியம் மோரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே, பழமையை மீட்கிறோம் என்று சுரண்டி எடுப்பதைத் தடுக்கத்தான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பேலீஃபைத் திரும்பக் கட்டியபோது புகைபோக்கியையும் நடுத்தளத்தையும் விட்டுவிட்டு, 1540-வாக்கில் அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று காட்டியிருக்கிறார்கள். மேல்முனை எழுந்துவிட்டது, கூடம் இன்னும் திறந்திருக்கிறது, அடுப்பு நடுத்தரையில். சரியா?

தன் இடத்தில் நிற்கிற வீடாக இருந்தால் நான் கட்டாயம் வேண்டாம் என்பேன். 17-ஆம் நூற்றாண்டுப் புகைபோக்கியும் வரலாறுதான். அதைக் கட்டினவரும் அந்த வீட்டில் வாழ்ந்தவர்தான். இங்கிலாந்தில் இத்தகைய வீடுகள் பெரும்பாலும் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன, அனுமதியில்லாமல் அப்படி எடுக்கவும் முடியாது. ஆனால் பேலீஃபுக்கு அந்த வழி இருக்கவில்லை. அது நீருக்குள் போகப் போகிற வீடு. தளம் போட்டு மூடிய கூடங்கள் கெண்ட் முழுக்க இருக்கின்றன. திறந்த கூடத்தில் நின்று, கண் எரிய, புகை மேலே எழுவதைப் பார்க்கும் இடங்கள் மிகச் சில. அந்த ஒரு காரணத்துக்காக அவர்கள் செய்ததை நான் ஏற்கிறேன். 1400-களின் தொடக்கம் வரை பின்னோக்கிப் போய் மேல்முனையையும் பிரித்துவிடாமல், இரண்டு காலமும் சேர்ந்து நிற்கும் ஓர் ஆண்டைத் தேர்ந்ததும் எனக்குப் பிடித்திருக்கிறது. 1896-இல், பழங்கட்டடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை தன் முதல் கட்டடமாக ஆல்ஃப்ரிஸ்டன் பாதிரியார் இல்லத்தை 10 பவுண்டுக்கு வாங்கியபோதும் இதே கேள்விதான் முன்னால் நின்றது. அதுவும் ஒரு வீல்டன் வீடு.

வேறு வழியும் உண்டு என்பதற்கு அதே அருங்காட்சியகத்தில் வால்டர்டனிலிருந்து வந்த வீட்டைப் பாருங்கள். வெளியே 17-ஆம் நூற்றாண்டுச் செங்கல்லும் ஃபிளின்ட் என்ற சிக்கிமுக்கிக் கல்லும். உள்ளே, சுவருக்குள் சிக்கிக்கொண்டிருந்த மத்தியகாலக் கூடத்தின் கரிபடிந்த மரங்கள். ஒரு காலத்துக்காக இன்னொன்றை அழிக்காமல் இரண்டையும் காட்டியிருக்கிறார்கள். என் மனம் அந்த வீட்டின் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறது.

ஒரே காலத்தைத் தேர்ந்து கட்டும்போது தவறவும் செய்யலாம், அது நடந்தும் இருக்கிறது. பௌ பீச் நீர்த்தேக்கத்திலிருந்து பேலீஃபோடு வந்த இன்னொரு கட்டடம் வின்க்ஹர்ஸ்ட். அதை முதலில் ஒரு சிறு மத்தியகால வீடு என்று எண்ணி அப்படியே நிறுத்தினார்கள். பல வருடம் பார்வையாளர்கள் அதை ஏழைக் குடும்பத்தின் வீடாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு மரங்களை மறுபடி ஆராய்ந்தபோது, அது வீடே இல்லை, ஒரு பெரிய வீட்டைச் சேர்ந்த சமையலறை, காலமும் 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு நெருங்கி வருகிறது என்று தெரிந்தது. சமையல் தீ வீட்டைப் பிடிக்காமலிருக்க அடுக்களையைத் தனியே கட்டுவது அன்றைய வழக்கம். தவறை மறைக்காமல் சட்டத்தை மறுபடி கழற்றி, வேறு இடத்தில் சமையலறையாக நிறுத்தினார்கள். இப்போது போனால் அங்கே அடுப்பெரியும், டியூடர் காலத்து ரொட்டியும் சமையலும் செய்து காட்டுவார்கள். மேலே அண்ணாந்து பாருங்கள், கைமரங்களில் இன்றைய புகை, பழைய கரியின் மேல் படிந்துகொண்டிருக்கும்.